‘ஏறாத மரம்’ ட்ரெய்லர், முதல் கட்: எங்க இழுக்குது, எங்க தப்புன்னு சொல்லுங்க

வேலந்தாவளம் பொண்ணு | வெள்ளி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல விஸ்காம் மூணாவது வருஷம். வீடு வேலந்தாவளம் பக்கம், பாலக்காடு ஜில்லா. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு முழுப்படம் எடுக்க வேண்டியதில்ல. இல்லாத ஒரு த்ரில்லர் படத்துக்கு ட்ரெய்லர், ஒரு போஸ்டர், அப்புறம் அதை எப்படி ஜனங்ககிட்ட கொண்டு போறதுங்கற திட்டம். இந்த மூணுக்கும் சேர்த்துத்தான் மார்க்.

கதை இதுதான். சித்தூர் தாலுக்காவுல ஒரு தென்னந்தோப்பு. கள்ளு இறக்கற ஒருத்தர் சாயங்காலம் முட்டியை (கள்ளு சேர்ற பானை) கட்டிட்டு மரத்தை விட்டு இறங்கறாரு. வீடு வந்து சேரல. மூணு மாசம் கழிச்சு அவர் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து வர்றா. நடுராத்திரி தோப்புல யாரோ பாளை தட்டற சத்தம், கள்ளு ஊறறதுக்குத் தென்னம்பூ மொட்டைத் தட்டுவாங்களே, அது. பாளை தட்டறது விடியக்காலையிலயும் சாயங்காலமும்தான், ராத்திரி யாரும் மரம் ஏற மாட்டாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா மரத்து மேல ஆளே இல்ல. எங்க பக்கம் லைசென்ஸ் வாங்கிக் கள்ளு இறக்கறாங்க, மாநில எல்லைக் கோட்டுக்கு அந்தாண்ட தமிழ்நாட்டுல 1987-ல இருந்து தடை. வில்லன் செய்யற எல்லாத்துக்கும் அந்த ஒரு கோடுதான் காரணம்.

முதல் கட் 2 நிமிஷம் 24 செகண்ட் வந்திருக்கு. லிங்க் கீழ இருக்கு, இங்க இருக்கறவங்க மட்டும்தான் பார்க்க முடியும். என் கைடு பார்த்துட்டு, “முழுக்கதையும் சொல்லிட்டியே, இனி படத்துக்கு எதுக்கு வரணும்?”னு கேட்டாரு. ராத்திரி சீன் லேப்டாப்ல நல்லா இருக்கு, போன்ல பார்த்தா ஒரே கருப்பு. இன்னும் ஒரு ஷாட் பாக்கி: வாளையாறு கிட்ட தண்டவாளத்துல அவ நிக்கறா, ரயில் வெளிச்சம் முகத்துல அடிக்குது.

மார்க்கெட்டிங்குக்கு ஒரு யோசனை வெச்சிருக்கோம். படத்துப் பேரே போடாம, நடிச்ச அண்ணன் போட்டோவோட “காணவில்லை” நோட்டீஸ் 40 காப்பி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பஸ் ஸ்டாப்புல ஒட்டணும். அதுல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டா அந்தப் பாளை தட்டற சத்தம் மட்டும் கேக்கும். மூணு நாள் கழிச்சு ட்ரெய்லர். டீம்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, எனக்கும்தான். நீங்க என்ன நினைக்கறீங்க?


எடிட் டேபிள் | வெள்ளி, இரவு 11:40

தங்கச்சி, மூணு தடவை பார்த்தேன். முதல்ல சாதாரணமா, அப்புறம் சத்தத்தை அணைச்சுட்டு, கடைசியா திரையை மூடிட்டு சத்தம் மட்டும். மூணாவதுலதான் எனக்குப் பயம் வந்தது. உன் ட்ரெய்லரோட உயிர் எங்க இருக்குன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு.

இப்ப கட்டுக்கு வர்றேன். முதல் 18 செகண்ட் தோப்பு, வாய்க்கால், பறவை, “அழகான ஒரு எல்லைக் கிராமம்”னு எழுத்து. இதை எடுத்துரு. போன்ல பார்க்கறவன் கட்டைவிரல் அதுக்குள்ள அடுத்த வீடியோவுக்குப் போயிருக்கும். யூடியூப் விளம்பரத்துல ஸ்கிப் பட்டன் வர்றதே அஞ்சாவது செகண்ட்லதான், அதையே உன் முதல் எல்லையா வெச்சுக்கோ. அந்த அஞ்சுக்குள்ள ஒரு கேள்வி விழணும்.

0:51-ல மாமன் பாத்திரம் “உங்கப்பன் கடத்தலைப் பார்த்துட்டான், அதான்”னு சொல்றாரு. அந்த ஒரு வசனத்தோட படம் முடிஞ்சுபோச்சு. 1:48-ல வில்லன் முகம் முழு வெளிச்சத்துல. அதுவும் வேண்டாம். அவர் கை, இடுப்புக் கத்தி, மரத்துல ஏறற கால், இவ்வளவு போதும்.

த்ரில்லர் படங்களுக்குப் பேர் போன டைரக்டர் ஹிட்ச்காக் சொன்ன ஒரு கணக்கு உண்டு. மேஜைக்கு அடியில குண்டு இருக்கறது நமக்குத் தெரியாம வெடிச்சா அது 15 செகண்ட் அதிர்ச்சி. குண்டு இருக்குன்னு நமக்கு மட்டும் தெரிஞ்சு, மேஜையில இருக்கறவங்களுக்குத் தெரியலைன்னா 15 நிமிஷப் பதைப்பு. உன் கட்டுல குண்டுச் சத்தம் நிறைய, அடியில இருக்கற குண்டு ஒண்ணுகூட இல்ல. முட்டி காத்துல ஆடற ஷாட் 1:10-ல அரை செகண்ட் வந்துட்டுப் போகுது பாரு, அதுதான் குண்டு. அதை முன்னாடி கொண்டு வந்து நாலு செகண்ட் நிறுத்து.

இன்னொண்ணு. படத்துல வர்ற ஷாட் மட்டும்தான் ட்ரெய்லர்ல வரணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. 1960-ல அவரோட ‘சைக்கோ’ படத்துக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரு ட்ரெய்லர். ஹிட்ச்காக் தானே அந்த செட்டுக்குள்ள நடந்து ஒவ்வொரு ரூமா காட்டுவாரு. கடைசியில குளியலறைத் திரையை விலக்கும்போது அலர்றது வெரா மைல்ஸ், படத்துல அந்த சீன்ல இருக்கறது வேற நடிகை. ட்ரெய்லருக்குன்னே எடுத்ததுதான் அது. உங்கிட்ட முழுப்படமே கிடையாது, அதனால உனக்கு இன்னும் வசதி. தேவையான ஷாட்டை மட்டும் யோசிச்சு எடு.


வேலந்தாவளம் பொண்ணு | சனி, காலை 7:05

அண்ணா, 0:51 வசனத்தை எடுத்தா கதை புரியாதேங்கற பயம்தான். ரெண்டு பேர்கிட்ட காட்டினேன், “என்ன கதை?”ன்னுதான் கேட்டாங்க.


ஒழலப்பதி வாத்தியார் | சனி, காலை 8:30

அவர்கள் கேட்டது நல்ல கேள்வி கண்ணு. பார்த்து முடித்ததும் “என்ன கதை?” என்று கேட்டால் அது குழப்பமாகவும் இருக்கலாம், ஆவலாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வகுப்பில் நான் கதை சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டு, “இப்போது உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?” என்று கேட்பேன். பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டால் கதை சரியான இடத்தில் நிற்கிறது. ஆளுக்கொன்று கேட்டால் நான்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் பத்துப் பேரிடம் காட்டு. எதையும் விளக்காதே. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை அப்படியே எழுதி வை.

ட்ரெய்லர் என்ற பெயரே ஆரம்பத்தில் படம் முடிந்தபின் வாலாக ஓட்டியதால் வந்தது. முடிந்ததும் எழுந்து போகிறவனைக் கதவருகே நிறுத்துகிற வேலை. இன்றும் வேலை அதுதான்.

தலைப்பைப் பற்றி: மலையாளத்துக்கு வேறு பெயர் தேடாதே. ‘ஏறுக’ அங்கேயும் உள்ள சொல், ‘மரம்’ இருவருக்கும் பொது. அதே தலைப்பை மலையாள எழுத்தில், அவர்கள் உச்சரிப்புக்குத் தக ‘ஏறாத்த மரம்’ என்று எழுதினால் போதும். சித்தூர்க் கிழக்கில் தமிழ்வழிப் பள்ளியும் மலையாளவழிப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே போஸ்டரில் இரண்டு எழுத்தும் இருக்கட்டும்.


கல்யாண வீடியோக்காரன் | சனி, காலை 10:15

ராத்திரி சீனுக்கு என் அனுபவத்துல இருந்து சொல்றேன். கொழிஞ்சாம்பாறை சுத்துவட்டாரத்துல பதினாலு வருஷமா கேமரா பிடிக்கறேன்.

நீங்க இருட்டை இருட்டுலயே எடுத்திருக்கீங்க. கண்ணு பழகிக்கும், கேமரா பழகாது. ஐஎஸ்ஓ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்வை, ஏத்திட்டீங்க, புள்ளிப் புள்ளியா வந்திருக்கு. அதை யூடியூப் அமுக்கும்போது கருப்பெல்லாம் கட்டம் கட்டமா சேறாயிடுது. சூரியன் இறங்கினதும் ஒரு இருபது நிமிஷம் வானம் நீலமா நிக்கும் பாருங்க, ராத்திரியை அப்ப எடுங்க. எக்ஸ்போஷரை (கேமராவுல பதியற வெளிச்சம்) குறைச்சு, வானம் ரொம்பத் தெரியாம ஃப்ரேம் வெச்சா எடிட்ல சுலபமா நடுராத்திரி ஆயிடும். தினம் நாலு ஷாட்டுதான் கிடைக்கும். அதுக்குத் தக்கபடி ரெண்டு மூணு நாள் ஒதுக்குங்க.

பொண்ணு கையில டார்ச் இருக்கே, அதைத் தவிர பின்னாடி இருந்து ஒரு சின்ன லைட்டு தோள்பட்டை ஓரத்துல விழணும். அப்பத்தான் ஆளும் இருட்டும் பிரியும். ஃப்ரேம்ல எங்கயாவது ஒரு புள்ளியாவது வெள்ளையா இருந்தா மத்த இருட்டு இருட்டாத் தெரியும், இல்லைன்னா போன் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க.

0:33-ல டீக்கடை ட்யூப்லைட் படபடங்குது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். செகண்டுக்கு 25 ஃப்ரேம் வெச்சு, ஷட்டர் வேகம் செகண்ட்ல ஐம்பதுல ஒண்ணு வெச்சீங்கன்னா அது பெரும்பாலும் நிக்கும். நீங்க 24-ல அறுபதுல ஒண்ணு வெச்சிருப்பீங்கன்னு நினைக்கறேன்.


வேலந்தாவளம் பொண்ணு | சனி, காலை 10:32

ஆமாங்கண்ணா, அதேதான் வெச்சிருந்தேன். எப்படிங்க கண்டுபிடிச்சீங்க!


சத்தம் பிடிக்கிறவன், கொச்சி | சனி, மதியம் 1:20

சொந்த ஊர் நல்லேப்பிள்ளி, வேலை கொச்சியில, சவுண்ட் டிபார்ட்மென்ட். எடிட் டேபிள் அண்ணன் சொன்னதோட சேர்த்து நாலு விஷயம்.

உன் பாளை தட்டற சத்தம் நிஜமா எடுத்ததா? கேட்டா மரக்கட்டை மேல ஸ்கேல் வெச்சுத் தட்டின மாதிரி இருக்கு. நிஜத்துல எலும்பால தட்டுவாங்க. விரியாத பாளையை நாரால இறுக்கிக் கட்டி, மேல இருந்து கீழ வரிசையா, மெதுவா. அடிச்சா பாளை நசுங்கிப்போயிடும், அதனால அடி பலமா இருக்காது. அந்த மெதுவான, ஒரே சீரான சத்தம்தான் பயமுறுத்தும். உன்னோடதுல கோவமா அடிக்கற மாதிரி இருக்கு. பக்கத்துல மரம் ஏறறவர் யாரையாவது கேட்டு மரத்தடியில நின்னு ஒரு தடவை, ஐம்பது அடி தள்ளி நின்னு ஒரு தடவை எடு. ரெண்டும் வேணும்.

காத்து. நாம இருக்கறது பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் திறந்து கிடக்கற வாசல். ஆடி மாசக் காத்துல மைக் வெச்சா ஒரு வசனமும் மிஞ்சாது. மைக்குக்குக் காத்தைத் தடுக்கற ரோமத்தொப்பி கண்டிப்பா வேணும். விடியக்காலம் நாலரைக்குப் போ, காத்து அடங்கி இருக்கும். ஆனா காத்தைத் தனியா பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோ. தென்னை ஓலை உரசற சத்தத்துக்கு நிகரா எந்த ரெடிமேட் மியூசிக்கும் வராது. ட்ரெய்லர் முழுக்க அதை ஓடவிட்டு, பாளை தட்டறதுக்கு முன்னால மட்டும் சட்டுனு நிறுத்து.

“டூம்”னு வர்ற அந்த அடிச்சத்தம் ஹெட்போன்ல வயித்தைக் கலக்குது. போன் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்கல. அவ்வளவு தாழ்ந்த அலைவரிசையை அந்தச் சின்ன ஸ்பீக்கரால தர முடியாது. அதே நேரத்துல மேல ஒரு மரச்சத்தத்தைக் கலந்து விடு, அப்ப காது பிடிச்சுக்கும். மொத்த சத்தத்தையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கற அலகு) சுத்தி வெச்சுக்கோ, அதுக்கு மேல ஏத்தினா யூடியூப் தானே குறைச்சிரும்.

0:33 டீக்கடையில ரேடியோல ஒரு சினிமாப் பாட்டு ஓடுது. பின்னணியில மெலிசா ஓடினாலும் கண்டுபிடிச்சு உரிமை கேட்டு நிப்பாங்க. எடுத்துரு. செய்தி வாசிக்கற மாதிரி நீங்களே பேசிப் போடுங்க.


எடிட் டேபிள் | சனி, மதியம் 1:58

தண்டவாள ஷாட்டைப் பத்தி யாரும் பேசல, நான் சொல்லிடறேன். வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அனுமதியில்லாமத் தண்டவாளத்துல இறங்கறது 1989 ரயில்வே சட்டம் 147-ம் பிரிவுல குற்றம். ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபா வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். அதைவிடப் பெருசு உயிர். வாளையாறுக்கும் மதுக்கரைக்கும் நடுவுல யானை கடக்கற இடம். எத்தனை யானை அந்த லைன்ல அடிபட்டுச் செத்திருக்கு. மதுக்கரைப் பக்கம் 2024-ல இருந்து தமிழ்நாடு வனத்துறை ஏஐ கேமரா வெச்சு யானையைப் பார்த்து ரயிலுக்குத் தகவல் சொல்றாங்க. அவ்வளவு ஆபத்தான இடத்துல ராத்திரி ஒரு பொண்ணை நிறுத்தாத.

ரயில் வெளிச்சம்தான் வேணும்னா வீட்டுச் சுவரோரம் நிறுத்தி, ஒரு பைக் ஹெட்லைட்டை ஜன்னல் கம்பிக்கு வெளிய இருந்து இடமா வலமா நகர்த்து. ரயில் சத்தத்தை ரயில்வே கேட்டுக்கு வெளிய நின்னு பிடிச்சுக்கோ. முகத்துல கம்பி நிழல் ஓடும், சத்தம் வரும், பார்க்கறவன் ரயிலை அவனே கட்டிக்குவான்.


மீனாட்சிபுரம் அக்கா | சனி, மாலை 6:44

ட்ரெய்லர் டெக்னிக் எனக்குத் தெரியாது கண்ணு. நோட்டீஸைப் பத்தி மட்டும் பேசறேன். நேத்து ராத்திரி படிச்சதுல இருந்து மனசு சரியில்ல.

என் தம்பி பதினஞ்சு வயசுல வீட்டுல சண்டை போட்டுட்டுப் போயிட்டான். ஒன்பது நாள். அப்பாவும் நானும் ஒரு வாளியில மைதாப் பசை காய்ச்சி எடுத்துக்கிட்டு மீனாட்சிபுரம், பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்னு பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டா ஒட்டினோம். ஒட்டற கையையே நாலு பேரு பார்த்துக்கிட்டு நிப்பாங்க, அப்பாவுக்கு அழுகையை அடக்க முடியாது. பத்தாவது நாள் காலையில திருப்பூர்ல இருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டாரு. “உங்க பையன் எங்க கடைக்கு எதிர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருக்கானுங்க, தூண்ல ஒட்டியிருக்கற போட்டோவைத் தினம் பார்க்கறேன், நேத்துதான் உறைச்சுது”ன்னாரு. அவர் யாரு, என்ன, எங்களுக்குத் தெரியாது. அந்த நோட்டீஸை அவர் நம்பினாரு. நம்பினதாலதான் என் தம்பி கிடைச்சான்.

நீங்க 40 நோட்டீஸ் ஒட்டுவீங்க. யாராவது ஒரு அம்மா பார்த்துட்டு நெஞ்சு பதறி அந்த நம்பருக்குக் கூப்பிடுவா. டொக் டொக்குன்னு சத்தம் கேக்கும். மூணு நாள் கழிச்சு சினிமான்னு தெரியும். அடுத்த தடவை நிஜமாவே ஒரு பிள்ளை காணாமப்போனா அவ நின்னு படிப்பாளா? எங்க வீட்டுக்கு அன்னைக்குக் கிடைச்ச அந்த நம்பிக்கையை நீங்க எடுத்துச் செலவு பண்ணாதீங்க கண்ணு. உன்னைத் திட்டலை. உன் கதை நல்லாருக்கு, அதனாலதான் இவ்வளவு எழுதறேன்.


குமுளிப் பையன் | சனி, இரவு 8:10

அக்கா, உங்க வேதனை புரியுது. ஆனா இது உலகம் முழுக்க செஞ்ச விஷயம்தான். 1999-ல ‘தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்’. நடிச்ச மூணு பேரும் நிஜமாவே காணாமப்போனதா இணையதளம் போட்டாங்க, காணவில்லை நோட்டீஸ் கொடுத்தாங்க. ரொம்பச் சின்னச் செலவுல எடுத்த படம், கிட்டத்தட்ட 25 கோடி டாலர் வசூல். எங்களை மாதிரி பணமில்லாத ஸ்டூடன்ட்ஸுக்கு வேற என்ன வழி இருக்கு? நானும் தேக்கடியில இதே மாதிரி ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன்.


எடிட் டேபிள் | சனி, இரவு 8:37

தம்பி, அதே படத்துல நடிச்ச பொண்ணோட அம்மாவுக்கு, மக செத்துட்டாள்னு நினைச்சு அனுதாபக் கடிதம் வந்ததையும் சேர்த்துச் சொல்லணும். அப்புறம், அது நாடு முழுக்க ரிலீஸ் ஆன படம். ரிலீஸ் ஆனதும் கட்டுக்கதைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். கோபாலபுரம் பஸ் ஸ்டாப்புல நோட்டீஸைப் பார்த்துட்டு பஸ் ஏறிப் போனவருக்கு உங்க ட்ரெய்லர் எந்தக் காலத்துல போய்ச் சேரப் போகுது?


கல்யாண வீடியோக்காரன் | சனி, இரவு 9:02

2018 ஞாபகம் இருக்குங்களா? பிள்ளை பிடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்புல பரவி, நாட்டுல பல இடத்துல ஒண்ணும் தெரியாதவங்களை அடிச்சே கொன்னாங்க. அதுக்கப்புறம்தான் இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே தடவையில அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி ஆக்கினாங்க. அந்த நோட்டீஸை ஒருத்தர் போட்டோ எடுத்து குரூப்புல போட்டா, படத்துப் பேரு அதுகூடப் போகாது. உங்க நடிகர் அண்ணன் நாளைக்கு சந்தைக்குப் போனா நாலு பேரு பிடிச்சு வெச்சு விசாரிப்பாங்க. பார்டர்ல ரெண்டு ஸ்டேட் போலீஸ் வேற. அவரைக் கேட்டீங்களா, அவர் வீட்டுல கேட்டீங்களா?


வேலந்தாவளம் பொண்ணு | ஞாயிறு, காலை 6:50

ராத்திரி முழுக்க யோசிச்சேன். டீம்ல ரெண்டு பேரு இன்னும் நோட்டீஸ்தான் வேணும்ங்கறாங்க, “அதுதான் வைரலாகும்”னு. நடிச்ச அண்ணன்கிட்ட கேட்டோம், அவர் சரின்னாரு. அவர் அம்மாகிட்ட கேக்கவே இல்ல. இப்பத்தான் போய்க் கேட்டேன். அவங்க போட்டோவை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம மடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அது போதும் எனக்கு. நோட்டீஸ் இல்ல.

மீனாட்சிபுரம் அக்கா, உங்க தம்பி இப்ப நல்லா இருக்காருங்களா?

ஆனா மார்க்கெட்டிங்குக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. புதன்கிழமை திட்டத்தைக் காட்டணும்.


மீனாட்சிபுரம் அக்கா | ஞாயிறு, காலை 9:15

நல்லா இருக்கான் கண்ணு. ரெண்டு பிள்ளைங்க. திருப்பூர்லயே கடை வெச்சிருக்கான்.

எனக்கு ஒண்ணு தோணுது. அந்தச் சத்தத்தை மட்டும் போட்டு “இது என்ன சத்தம்?”னு கேட்டா என்ன? எங்க ஊர்ல கண்ணை மூடிட்டுச் சொல்லுவாங்க. பார்டர் தாண்டினா புதுசா வளர்ந்த பிள்ளைங்களுக்குத் தெரியவே தெரியாது. அங்க யாரு கேட்டிருக்காங்க அதை?


சத்தம் பிடிக்கிறவன், கொச்சி | ஞாயிறு, காலை 9:31

அக்கா, எனக்கு இப்பவே புல்லரிக்குது. இதேதான் மார்க்கெட்டிங். ட்ரெய்லரோட உயிரும் அந்தச் சத்தம், விளம்பரமும் அந்தச் சத்தம். கருப்புத் திரை, ஒன்பது செகண்ட், ஓலை உரசல், அப்புறம் ஏழு தட்டு. கீழ ஒரே கேள்வி, தமிழ்லயும் மலையாளத்துலயும். ஓரத்துல “மாணவர் படைப்பு: ஏறாத மரம்”னு சின்னதா ஆனா தெளிவா. யாரையும் ஏமாத்தல, ஆனா கேட்டவன் பதில் சொல்லாமப் போக மாட்டான்.


எடிட் டேபிள் | ஞாயிறு, காலை 10:20

அதைச் செங்குத்தா, 9-க்கு 16 அளவுல பண்ணுங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ரீல்ஸ், ஷார்ட்ஸ் மூணுக்கும் ஒரே ஃபைல். வாட்ஸ்அப்புல அனுப்பும்போது டாக்குமென்டா அனுப்பு, வீடியோவா அனுப்பினா இன்னும் அமுக்கிரும். ட்ரெய்லரை மட்டும் படுக்கை வாக்குல வெச்சு, 4கே அளவுல ஏத்து. எடுத்தது அதைவிடச் சின்னதா இருந்தாலும் பெரிசு பண்ணி ஏத்தினா யூடியூப் கூடுதல் பிட்ரேட் (செகண்டுக்கு இவ்வளவு தகவல்ங்கற அளவு) தரும், இருட்டு சீன்ல வித்தியாசம் தெரியும்.

தம்ப்நெயில்: 1280-க்கு 720. முகம் வேண்டாம். முட்டி மட்டும், அதுல ஒரு பக்கம் வெளிச்சம்.

போஸ்டர் எழுத்துருவைக் கண்ட இடத்துல இருந்து எடுக்காதீங்க. திறந்த உரிமத்துல ‘மீரா இனிமை’ இருக்கு. அது ‘மீரா’ங்கற மலையாள எழுத்துருவோட தமிழ்ச் சகோதரி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா தடிமனும் வளைவும் ஒரே குடும்பமாத் தெரியும். நம்ம ஊருக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.


ஒழலப்பதி வாத்தியார் | ஞாயிறு, முற்பகல் 11:05

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உன் முதல் வெட்டில் மரம் ஏறுகிறவர்களை எல்லாம் கத்தியோடு, முறைத்துக்கொண்டு காட்டியிருக்கிறாய். இந்தத் தாலுக்காவிலிருந்து கள் கேரளம் முழுவதும் போகிறது. அந்தக் கள்ளை இறக்குகிறவர்களின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். வில்லன் ஒருவனாக இருக்கட்டும், தொழில் முழுவதும் வில்லனாகத் தெரிய வேண்டாம். காணாமற்போனவரும் மரம் ஏறுகிறவர்தானே? அவர் கை பாளையை எப்படித் தொடுகிறது என்று ஒரு ஷாட் வை. அவரை நாங்கள் நேசித்தால்தான் அவர் காணாமற்போனது எங்களுக்கு வலிக்கும்.


வேலந்தாவளம் பொண்ணு | மூன்றாவது வாரம், செவ்வாய், இரவு 10:48

ரொம்ப நாள் ஆச்சு, மன்னிச்சுக்கோங்க. புது கட் வந்திருச்சு. 1 நிமிஷம் 17 செகண்ட்.

என் மாமன் மரம் ஏறறவரு. விடியக்காலம் நாலரைக்கு அவரோட தோப்புக்குப் போனோம். மூணு நாள். எலும்பை எடுத்து எப்படித் தட்டறதுன்னு காட்டினாரு. முதல் நாள் நான் “இன்னும் பலமா தட்டுங்க மாமா”ன்னு சொன்னதுக்கு, “பலமா தட்டினா பாளை செத்துப்போயிரும் பாப்பா, பால் குடிக்கற குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கற மாதிரி தட்டணும்”னாரு. அந்த வரியை அப்படியே பாத்திரத்துக்குக் கொடுத்துட்டேன். இப்ப ட்ரெய்லர் அதுலதான் ஆரம்பிக்குது. கருப்புத் திரையில அப்பா குரல், சின்ன வயசு மகளுக்குச் சொல்லித் தர்றாரு. அப்புறம் தட்டு. அப்புறம் அவர் கை. 0:09-ல முட்டி, நாலு செகண்ட். மகள் பஸ்ல இருந்து இறங்கறா. 0:31-ல ராத்திரி அதே தட்டு, அதே சீர். வசனம் மொத்தமே மூணுதான். வில்லன் முகம் இல்ல, கயிறு இறுக்கற கை மட்டும். கடைசியில டார்ச் மரத்தடியில இருந்து மேல மேல போகுது, உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி அணையுது. அஞ்சு தட்டு. தலைப்பு.

வாத்தியாரய்யா சொன்ன மாதிரி பத்துப் பேருகிட்ட விளக்கம் சொல்லாமக் காட்டினோம். எட்டுப் பேரு முதல்ல கேட்டது, “மேல யாரு?” ஒருத்தர் “எந்த ஊரு இது?”ன்னாரு. ஒருத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்காம அவ அப்பாவுக்கு போன் போட்டா.

சத்த வீடியோவைப் போன வாரம் போட்டோம். பதில் வந்துக்கிட்டே இருக்கு. மரங்கொத்திங்கறாங்க, அம்மி கொத்தறதுங்கறாங்க, செருப்புத் தைக்கறவர்ங்கறாங்க, ஒரு சின்னப்பையன் “எங்க பாட்டி வெத்தலை இடிக்கறது”ன்னான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரங்க பூராவும் சரியாச் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு மட்டும் எங்களை உலுக்கிருச்சு. பொள்ளாச்சிப் பக்கம் கிராமத்துல இருந்து ஒரு பெரியவர், பேரன் போன்ல வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காரு: “இது பாளை தட்டற சத்தம் சாமி. நான் மரம் ஏறினவன். இதைக் கேட்டு நாப்பது வருஷம் ஆகப் போகுது. யாரு தட்டறது? கை நல்ல கை.”

மாமனுக்குப் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டாரு.

அந்தக் குரலை ட்ரெய்லர்ல சேர்க்கலாமாங்க? தலைப்புக்கு அப்புறம், கருப்புத் திரையில “யாரு தட்டறது?”ங்கற அந்த ரெண்டு வார்த்தை மட்டும்?


எடிட் டேபிள் | மூன்றாவது வாரம், செவ்வாய், இரவு 11:15

பார்த்தேன். 0:31-ல கழுத்துக்குப் பின்னால சில்லுன்னு ஆயிருச்சு. ஒரே ஒரு திருத்தம்: 0:52-ல பஸ் டிக்கெட் ஷாட் வேண்டாம், வேகம் விழுது.

பெரியவர் குரலைக் கண்டிப்பா வை. ஆனா எழுத்துல அனுமதி வாங்கு, அவர் கையெழுத்தோ கைநாட்டோ. எங்க, எதுக்குப் பயன்படுத்தறேன்னு தமிழ்ல எழுதிப் படிச்சுக் காட்டு. மாமன் பேரும் அவர் பேரும், அவங்க சம்மதிச்சா, டைட்டில்ல வரணும்.


குமுளிப் பையன் | மூன்றாவது வாரம், புதன், காலை 7:20

தேக்கடி நோட்டீஸ் யோசனையை விட்டுட்டேன் அக்கா. எங்க பக்கம் ஏலக்காய் ஸ்டோர்ல காய் உருள்ற சத்தம் இருக்கு. அதை ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருக்கேன். சத்தம் பிடிக்கிற அண்ணா, எந்த மைக் வாடகைக்கு எடுக்கறதுன்னு தனியா கேக்கலாமுங்களா?


வேலந்தாவளம் பொண்ணு | மூன்றாவது வாரம், வியாழன், மாலை 5:33

பொள்ளாச்சிக்கு மாமனையும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். பேப்பரைப் படிச்சுக் காட்டினேன், கைநாட்டு வெச்சுக் கொடுத்துட்டாரு. ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து ஒரு மணி நேரம் எலும்பைப் பத்தியே பேசினாங்க. மாமன் தன்னோடதை எடுத்துட்டுப் போயிருந்தாரு. பெரியவர் அதை வாங்கி, திண்ணைத் தூண்ல ஏழு தட்டு தட்டிக் காட்டினாரு. என் ரெக்கார்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது.

ட்ரெய்லர் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. லிங்க் இங்கயே போடறேன். பேரன் போனுக்கு முதல்ல அனுப்பறதா பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், அதனால உங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் பிந்தும்.